வேறு வழி உண்டா?



சாலை விரிவாக்கம் பற்றி எப்போது எழுதினாலும் நமக்கு இரண்டு விதமான கடிதங்கள் வரும். "எங்க ஊர் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகக்கூட இடமில்லை. அகலப்படுத்த வந்தவர்களைத் தடுக்கிற மாதிரி எதையாவது எழுதிவிடாதீர்கள்" என்பது ஒரு விதம். "தாத்தா காலத்துப் புளியமரங்களை வரிசையாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். சாலையோர மண்டபத்தின் கல்தூண்கள் ஜேசிபி வாளியில் போய்விட்டன. கேட்க ஆளில்லை" என்பது இன்னொரு விதம்.

இரண்டுமே நியாயமான கடிதங்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் விரைந்து போய்விட்டு, அந்தச் சாலையே கூடாது என்று பேசுவது நமக்கு அழகல்ல. சாலையும் வேண்டும், மரமும் மண்டபமும் பூங்காவும் வேண்டும். ஆகவே "இரண்டையும் சமமாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு இந்தப் பக்கத்தை முடித்துக்கொள்ளலாம். அப்படித்தான் பலரும் முடிக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலில் ஒரு பிசகு இருக்கிறது. அதை ஒரு பூங்காவின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் எடுத்துக் காட்டியது. அந்தக் கதையை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டென்னஸி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்ஃபிஸ் நகரம். அதன் நடுப்பகுதியில் 342 ஏக்கரில் ஓவர்டன் பூங்கா. மிருகக்காட்சி சாலை, திறந்தவெளி அரங்கம், அந்நாளில் ஒரு கலைப்பள்ளி, கோல்ஃப் மைதானம், நடைபாதைகள், இவற்றோடு 170 ஏக்கர் காடு. நகரத்துக்குள் கோடரி படாத பழைய காடு மிஞ்சியிருப்பது அபூர்வம். அந்தத் திறந்தவெளி அரங்கில்தான் 1954 ஜூலையில், இன்னும் பெயர் பெறாத எல்விஸ் பிரெஸ்லி மேடையேறிப் பாடினார்.

இரண்டே ஆண்டுகளில், 1956இல், அதிபர் ஐசனோவர் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குக் கையெழுத்திட்டார். 41,000 மைல் சாலை. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தரும். பத்தில் ஒரு பங்கு போட்டால் ஊருக்குள் விரைவுச்சாலை வந்துவிடும் என்னும்போது எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்? மெம்ஃபிஸுக்கு வகுத்த வழியில் ஐ-40 சாலை கிழக்கிலிருந்து மேற்கே நேராக வந்து பூங்காவைப் பிளந்துகொண்டு போவதாக இருந்தது. ஆறு தடங்கள், 26 ஏக்கர் இழப்பு. மிருகக்காட்சி சாலை ஒரு பக்கம், மீதிப் பூங்கா மறுபக்கம்.

வழி பூங்காவுக்குள் போனதில் யாருடைய வன்மமும் இல்லை. கணக்கு அப்படி. வீடுகள் வழியாகப் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இழப்பீடு தர வேண்டும், குடும்பங்களை வெளியேற்ற வேண்டும், வழக்குகளைச் சந்திக்க வேண்டும். பூங்கா ஏற்கெனவே பொது நிலம். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, பட்டா வைத்திருப்பவர் எவரும் இல்லை. நம் ஊரிலும் திட்டம் போடுகிறவர்களின் கண் முதலில் புறம்போக்கின் மேல்தானே விழுகிறது? அதே கணக்குதான்.

1957இலேயே சில குடிமக்கள் சேர்ந்து ஓவர்டன் பூங்காவைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் வயதான பெண்கள் நிறையப் பேர். "டென்னிஸ் ஷூ போட்ட கிழவிகள்" என்று எதிர்த்தரப்பு கேலி பேசியது. அவர்கள் கடிதம் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார்கள். மாநிலம் கேட்கவில்லை, நகராட்சியும் கேட்கவில்லை. பூங்காவுக்கு இருபுறமும் சாலைக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கி இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பூங்கா மட்டும்தான் பாக்கி.

இதற்கிடையில் வாஷிங்டனில் காற்று திசை மாறியது. நெடுஞ்சாலைகள் நகரங்களை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நாடெங்கும் கோபம் எழுந்திருந்தது. 1966 அக்டோபர் 15ஆம் தேதி, ஒரே நாளில், அதிபர் லிண்டன் ஜான்சன் இரண்டு சட்டங்களுக்குக் கையெழுத்திட்டார். ஒன்று, தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள எந்தத் திட்டமும் வரலாற்றுச் சின்னத்தைப் பாதிக்குமானால், முன்கூட்டியே ஆராய்ந்து, உரியவர்களைக் கலந்து பேசியாக வேண்டும் என்றது அது. இன்னொன்று, போக்குவரத்துத் துறையை உருவாக்கிய சட்டம். அதன் 4(எஃப்) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பொதுப் பூங்கா, வனவிலங்குக் காப்பிடம், வரலாற்றுச் சின்னம் ஆகியவற்றின் நிலத்தைப் போக்குவரத்துத் திட்டத்துக்கு எடுக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, செய்யக்கூடிய, விவேகமான வேறு வழி இருக்கக் கூடாது. இரண்டாவது, எடுத்தே ஆக வேண்டுமென்றால், பாதிப்பைக் குறைக்க முடிந்த அத்தனையும் செய்திருக்க வேண்டும்.

முதல் சட்டம் கலந்து பேசச் சொன்னது. இரண்டாவது சட்டம் கையைக் கட்டியது. பேசிவிட்டுத் தன் போக்கில் போவதற்கு அதில் இடமில்லை.

1969இல் போக்குவரத்து அமைச்சராக வந்தவர் ஜான் வோல்ப்பி. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர். கட்டுமானத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். 1969 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பை ஒட்டி, ஆற்றோரமாக வரவிருந்த மேம்பாலச் சாலையை அவரே ரத்து செய்தார். அதே ஆண்டு நவம்பரில் ஓவர்டன் பூங்கா வழியாகச் சாலை போடுவதற்கு அவரே ஒப்புதலும் கொடுத்தார். பூங்காவைத் தவிர்க்க வேறு வழி ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை.

குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்து, 1971 மார்ச் 2ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

அரசுத் தரப்பின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. 'செலவு, நேர்வழி, மக்களுக்கு நேரும் இடைஞ்சல், பூங்கா, எல்லாவற்றையும் அமைச்சர் சீர்தூக்கிப் பார்த்தார், முடிவெடுத்தார்.' நாம் மேலே சொன்ன 'சமமாகப் பார்க்க வேண்டும்' என்ற அதே பதில். மார்ஷல் அதை ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: பூங்கா நிலம் எப்போதுமே மலிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை, ஆகவே இடம்பெயர்ப்பும் இல்லை. செலவையும் இடைஞ்சலையும் பூங்காவோடு ஒரே எடையில் வைத்தால் ஒவ்வொரு முறையும் பூங்காதான் தோற்கும். அப்படித்தான் ஆகட்டும் என்று நினைத்திருந்தால் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தையே இயற்றியிருக்காது. பூங்காவைக் காப்பதற்கே முதலிடம். மாற்று வழியின் செலவோ இடைஞ்சலோ அசாதாரண அளவுக்குப் போனால் மட்டுமே விதிவிலக்கு.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தராசின் ஒரு தட்டில் ரூபாய்க்கட்டு, இன்னொரு தட்டில் மரநிழல் என்று வைத்துவிட்டு, 'நான் நடுநிலையாகத்தான் நிறுக்கிறேன்' என்று சொன்னால் அதில் நடுநிலை எங்கே இருக்கிறது? சாலையின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு: கிலோமீட்டர், கோடி ரூபாய், மிச்சமாகும் நிமிடங்கள். பூங்காவின் பக்கத்தில், மாலையில் நடக்க வருகிறவரின் மூச்சும் பிள்ளைகள் ஏறி விளையாடும் வேரும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் சட்டமே கொஞ்சம் எடை போட்டு அந்தத் தட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பின் இன்னொரு பகுதியும் முக்கியம். வழக்கு வந்த பிறகு அரசுத் தரப்பு வாக்குமூலங்களாகத் தயாரித்துக் கொடுத்த காரணங்கள் செல்லாது என்றது நீதிமன்றம். முடிவெடுத்த நாளில் அமைச்சரின் முன்னால் என்ன கோப்பு இருந்தது, அதில் என்ன எழுதியிருந்தது, அதைக் கொண்டுவா என்றது. முதலில் முடிவு, பிறகு காரணம் தேடுவது என்ற பழக்கத்துக்கு விழுந்த அடி அது. இன்றும் அமெரிக்க நிர்வாகச் சட்ட வகுப்புகளில் மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

வழக்கு கீழே போய், மீண்டும் அமைச்சரிடம் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்த வோல்ப்பி, 1973 ஜனவரியில், வேறு வழி இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை என்ற முடிவுக்கு வந்து ஒப்புதலை மறுத்தார். அதன் பிறகும் சுரங்கப்பாதை போடலாமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்; செலவு கட்டுபடியாகவில்லை. 1981இல் டென்னஸி மாநிலமே அந்தப் பாதையைக் கைவிட்டது. அதற்கான பணம் மெம்ஃபிஸின் மற்றப் போக்குவரத்துப் பணிகளுக்குப் போனது. ஐ-40 இன்று நகரத்தின் வடக்கே வளைந்து, ஏற்கெனவே இருந்த சுற்றுச்சாலை வழியாகப் போகிறது. பூங்காவின் பழைய காடு 2011இல் மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஆனது.

எல்லா ஊரிலும் கதை இப்படி முடியவில்லை. டெக்சஸின் சான் அன்டோனியோவில் பிராக்கென்ரிட்ஜ் பூங்காவின் வழியாகப் போக இருந்த சாலையும் இதே பிரிவில் மாட்டி நீதிமன்றத்தில் நின்றது. அங்கே வேறு உபாயம் செய்தார்கள். மத்திய அரசின் பணம் இருந்தால்தானே மத்தியச் சட்டம் குறுக்கே வரும்? 1973இல் நாடாளுமன்றம் அந்தச் சாலையை மத்திய உதவித் திட்டத்திலிருந்து கழற்றிவிட்டது. மாநிலம் சொந்தப் பணத்தில் கட்டி 1978இல் திறந்தது. சட்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைச் சுற்றிப் போகவும் வழி தேடுவார்கள்.

சாலையை நிறுத்துவது மட்டும்தான் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃபிராங்கோனியா கணவாய் என்று ஓர் இடம். அங்கே மலையுச்சியில் கிழவர் முகம் போலத் துருத்திக்கொண்டிருந்த கருங்கல் பாறை அந்த மாநிலத்துக்கே அடையாளம். ஐ-93 சாலைக்காக வெடி வைத்தால் முகம் சரிந்துவிடுமோ என்று மக்கள் பயந்தார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு, நான்கு தடம் என்ற தேசிய விதியையே அந்தக் கணவாய்க்கு மட்டும் தளர்த்தி, போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று 1988இல் சாலை முடிந்தது. மணிக்கு 45 மைல்தான் வேக வரம்பு. பாறை முகம் 2003 மே மாதத்தில் இயற்கையாகவே உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கணவாயின் அழகு அப்படியே இருக்கிறது, சாலையும் ஓடுகிறது.

கொலராடோவில் கிளென்வுட் பள்ளத்தாக்கு இன்னொரு பாடம். இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவில் ஆறு. 12 மைல் நீளத்துக்குச் சுமார் 40 பாலங்களைக் கட்டி, போகும் தடங்களை ஒரு மட்டத்திலும் வரும் தடங்களைப் பல இடங்களில் வேறொரு மட்டத்திலும் வைத்து, பாறையைக் குடைவதைக் குறைத்து, கூடவே சைக்கிள் பாதையும் போட்டு, 1992இல் திறந்தார்கள். செலவு கூடியது, காலமும் கூடியது. கேள்வி கேட்ட மக்கள் விடாமல் நின்றதால்தான், பின்னாளில் எல்லோரும் பாராட்டும் அந்தச் சாலை உருவானது.

இனி, இந்தக் கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சுக் குடியிருப்பு காப்பாற்றப்பட்டது என்று சொன்னேன் அல்லவா? அங்கிருந்து சற்றுத் தள்ளி, டிரமே என்ற கறுப்பின மக்களின் பழம்பெரும் குடியிருப்பு. அதன் உயிர்நாடி கிளெய்போர்ன் அவென்யூ. நடுவே ஓங்கி வளர்ந்த ஓக் மரங்களின் வரிசை. அந்த நிழலில்தான் குடும்பங்கள் கூடும், மார்டி கிரா திருவிழா நடக்கும், இருபுறமும் கடைகள் பிழைக்கும். 1966இல் அந்த மரங்களை வெட்டிவிட்டு ஐ-10 மேம்பாலத்தை எழுப்பினார்கள். ஒரே நகரம், பணமும் செல்வாக்கும் இருந்தவர்கள் நேசித்த இடம் 'வரலாறு' ஆயிற்று, எளியவர்கள் நேசித்த இடம் 'பாதை' ஆயிற்று. மெம்ஃபிஸிலும் பூங்கா தப்பியது; அதன் இருபுறமும் இடிக்கப்பட்ட வீடுகளின் குடும்பங்களுக்கு எந்தப் பிரிவும் துணைக்கு வரவில்லை. பூங்காவைக் காக்கிறோம் என்று சொல்லிச் சாலையை ஏழைகளின் தெருவுக்குத் தள்ளிவிட்டால் அது பாதுகாப்பு ஆகாது. எது பழமை, எது பெருமை என்ற பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டு கடந்தால் ஒன்றை வரலாற்றுச் சின்னமாகக் கருத இடம் உண்டு. நெடுஞ்சாலைத் திட்டத்துக்கே ஐம்பது நெருங்கியபோது, அந்தச் சாலைகளே பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகி, ஒரு குழியை மூடக்கூட அனுமதி கேட்க வேண்டிவருமோ என்று அதிகாரிகள் கலங்கிப்போனார்கள். சில முக்கியமான பாலங்கள், சுரங்கங்கள் தவிர மற்றவற்றுக்கு 2005இல் விலக்கு கொடுத்துத்தான் மூச்சு விட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் நமக்கும் 1956இல்தான் வந்தது. தொன்மைச் சின்னங்களைப் பொறுத்தவரை நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது என்றே சொல்லலாம். அந்தச் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அரசின் பொதுப்பணிகளுக்கு அந்த 100 மீட்டருக்குள் இடம் கொடுக்கும் திருத்தத்தை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையை அது தாண்டவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும் செஞ்சிக் கோட்டையும் இந்தக் காவலுக்குள் இருக்கின்றன.

ஆனால் வாசகர்கள் எழுதுகிற மண்டபம், சுமைதாங்கிக் கல், சத்திரம், புளியமர வரிசை, நகரத்துப் பூங்கா ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு 100 மீட்டர் காவல் கிடையாது. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க அரசிதழில் அறிவிப்பு வந்தால், அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று மக்களின் மொழியில் இருக்க வேண்டும். 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், நேரில் விளக்கமும் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த உரிமையைச் சட்டம் தருவது நிலத்தில் உரிமையோ தொடர்போ உள்ளவருக்கு. மரநிழலில் இளைப்பாறுகிறவருக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை? சுற்றுச்சூழல் விதிகளிலும், ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை 100 கிலோமீட்டருக்குள் அகலப்படுத்தினால் முன் அனுமதி தேவையில்லை என்று 2013இல் தளர்த்திவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான இடத்துக்காகப் பேச, சட்டத்தின் முன் ஒருவரும் இல்லாமல் போகும் நிலை இது. மார்ஷல் சொன்ன அதே பிசகு.

என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 4(எஃப்) போல ஒரு பிரிவு நம் நெடுஞ்சாலைச் சட்டத்திலும் வேண்டும். பொதுப் பூங்கா, நூறாண்டு மரவரிசை, ஊரார் போற்றும் பழங்கட்டடம் ஆகியவற்றைத் தொட வேண்டுமென்றால், வேறு வழி இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு சாலை போடுகிறவருடையதாக இருக்க வேண்டும். அந்த ஆராய்ச்சி முடிவெடுப்பதற்கு முன்பே தமிழில் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். மாற்று வழி ஏழைகளின் குடியிருப்பாக இருந்துவிடக் கூடாது என்பதும் அதே பிரிவில் எழுதப்பட வேண்டும். இதனால் சாலை நின்றுபோகாது. சாலை போடுகிறவர் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் காப்பாற்றத் தகுந்தவை எவை என்று இப்போதே ஒரு பட்டியல் எழுதுங்கள். மரத்தின் சுற்றளவை அளந்து, மண்டபத்தைப் படம் பிடித்து, கல்வெட்டு இருந்தால் குறித்துக்கொண்டு, கிராம சபையில் தீர்மானமாகப் பதியுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, அதற்கு முன்பே ஓர் ஏட்டில் இருப்பது நல்லது. நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் நில எடுப்பு அறிவிப்புகளைப் படியுங்கள். நிலம் உள்ளவர்களோடு சேர்ந்து 21 நாட்களுக்குள் மனு கொடுங்கள். மனுவில் சாலை வேண்டாம் என்று எழுத வேண்டாம். வேறு வழி பார்த்தீர்களா, பார்த்திருந்தால் அந்த ஆய்வின் நகல் எங்கே என்று கேளுங்கள். உங்கள் பட்டியலின் ஒரு பிரதியை நமக்கும் அனுப்புங்கள். ஊர் ஊராக அவற்றை வெளியிட இந்தப் பத்திரிகை பக்கம் ஒதுக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்